மூன்றாவது கயிறு

“இந்தச் சவுக்கு மரத்த வெட்டிப் போடணும்னு கோடாலியோட வந்த பட்டாளத்துக் கேப்டன், நான் போட்ட ஒரே அதட்டல்ல, துப்பாக்கியக் கீழ வச்சிட்டு மூணு மணி நேரம் கயிறு இழுத்தாரு தொரை. நான் ‘விடு’ன்ன பெறகுதான் விட்டாரு. கையெல்லாம் கொப்புளம். பாவம், நாந்தான் தேங்கா எண்ணெ தடவி விட்டேன்.”

காளியண்ணன் இதைச் சொல்லி முடித்து, வலிக்கிற காலிலிருந்து வலிக்காத காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டார். ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் புதிய துரை உட்கார்ந்திருந்தார். அவர் கப்பலை விட்டு இறங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெயில் பட்டு அவர் மூக்கு உரிகிற வேகத்தைப் பார்த்து, தீபாவளிக்குள் மூக்கு தீர்ந்துவிடும் என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். தமிழில் அவருக்கு ‘வா’, ‘போ’, ‘சீக்கிரம்’ என்று மொத்தம் மூன்று வார்த்தைகள் தெரியும். மற்றதையெல்லாம் ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி ஆர்தர்தான் பக்கத்தில் நின்று இங்கேயும் அங்கேயும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஆர்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் ஒரு ஏழெட்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான்.

காளியண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேப்டன் எந்தப் பாஷையிலும் கேப்டன்தானே.

“ஐயா, நீங்க சொன்னதுல கேப்டனக் காணோமே.”

“எந்தக் கேப்டன்?”

“கயிறு இழுத்தவரு.”

“சாஞ்ச மரத்த நீ நிமித்திக் கட்டினன்னு சொல்லியாச்சு. அது போதும். சும்மா நில்லு.”

மரத்தை வெட்டிவிட்டு ஆளைப் பால் வெட்ட அனுப்பலாம் என்ற புதிய துரையின் யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் பங்களாவைச் சுற்றி ரோஜாவும் குரோட்டனும் செம்பருத்தி வேலியுமாக ஏகப்பட்டது இருந்தது. காட்டுக்குள்ளிருந்து கலகக்காரர்கள் சுட ஆரம்பித்து அவசரகாலம் வந்தது. வேலிக்கும் பங்களாவுக்கும் நடுவே ஒரு பூனை நடந்தாலும் காவல்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரே ஒரு சவுக்கு மரம். அதற்கு மூன்று பக்கம் கயிறு கட்டி, ஒரு முழு ஆளைப் பூந்தோட்டக்காரன் என்று பெயர் வைத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் காளியண்ணன். அதே சமயத்தில் ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காட்டில் பால் வெட்ட ஆள் பற்றவில்லை.

“திங்கக்கெழமையிலேர்ந்து நீ ஒன்பதாம் நம்பர்” என்றார் ஆர்தர், துரை சொன்னதைக் கேட்டுக்கொண்டு.

இந்தத் தடவை காளியண்ணன் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

“ஐயா, இத அப்படியே சொல்லுங்க. மரம் தானா நிக்கிற வரைக்கும், ரெண்டு மழைக்காலம் தாண்டணும், அது வரைக்கும் ஒரு ஆளு கூடவே இருந்து கயித்தத் தளத்தி, மாத்திக் கட்டணும்னு கேப்டன் சொல்லிட்டுப் போனாரு. பழைய தொரையும் சரின்னாரு. ஒரு மழதான் தாண்டியிருக்கு.”

இதை ஆர்தர் முழுசாகவே சொன்னார். துரை புகைகிற பைப்பை வாயிலிருந்து எடுத்தார். பட்டாளத்தின் உத்தரவு என்றால் உத்தரவுதான் என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. பிறகு ஆர்தரைப் பார்த்து ஏதோ கேட்டார். ஆர்தர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“என்ன கேட்டாரு?”

“அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்குத் தெரிஞ்சு நடக்கலன்னு சொன்னேன்.”

காளியண்ணன் கிராணியையே பார்த்தார். கிராணி மைக்கூட்டையே பார்த்தார்.

கடைசியில் துரை கொஞ்சம் இறங்கி வந்தார். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை பால் நிறுத்து முடிந்த பிறகு, கண்ணால் பார்த்த சாட்சியைக் கூட்டி வர வேண்டும். சாட்சி சொன்னால் மரமும் இருக்கலாம், ஆளும் இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலிக் கேட்டைத் திறந்ததும் ஒன்பதாம் நம்பர்.

புக்கிட் ரோத்தானிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் போகிற வழியில் இருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில், ஒன்பதாம் நம்பர் என்றால் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்துவார்கள். ரப்பர் மரம் முடிகிற இடத்தில் பெருங்காடு அங்கே தொடங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் காட்டுக் கலகக்காரர்கள் அங்கே பால் கொட்டகையைக் கொளுத்திவிட்டு, வேலை வாங்குகிற மண்டோரை மரத்தில் கட்டிப் போட்டுப் போயிருந்தார்கள். காளியண்ணனே முன்பு அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்தான். ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒருவன் புதரிலிருந்து எழுந்து வந்து, மெதுவான குரலில் அரிசி கேட்டான். துப்பாக்கியை நீட்டக்கூட இல்லை. காளியண்ணன் ஓடினார். ஓடியவர் கால்வாயில் விழுந்து முழங்கால் பெயர்ந்தது. அதனால்தான் அவருக்குப் பங்களா வேலை கிடைத்தது.

உடும்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து முதலை என்று சொல்கிற மனுஷன் அவர். கோலா சிலாங்கூர் ஆற்றில் தாம் பிடித்த மீனின் வாலைக் கரையில் வைத்தபோது தலை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது என்று சத்தியம் செய்தவர். ஆனால் அந்த அரிசி கேட்டவனை மட்டும் அவர் ஒருநாளும் இரண்டு பேராக்கிச் சொன்னதில்லை. அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

ஆபீஸை விட்டு வெளியே வந்தவர் நேராக மரத்திடம் போனார். மூன்று கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்ப வந்து அதே கயிற்றை இழுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் அப்படி நாற்பது தடவை இழுத்துப் பார்த்திருப்பார். மரத்துக்கு வாய் இருந்தால் போய் உட்கார் என்று சொல்லியிருக்கும்.

அந்த மரம் நிமிர்ந்த கதை போன வருஷத்து மழைக்கு முன்னால் நடந்தது.

பங்களாவுக்கு இரட்டைக் கம்பிவேலி போட்ட புதிது. ஏறிக் குதிக்க வசதியாகிவிடும் என்று, வேலி மேல் சாய்கிற எந்த மரமும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. சவுக்கு மரம் அப்போது இரண்டு ஆள் உயரம். பழைய துரையின் துரைசாணி தன் கையால் நட்டது. பக்கத்திலே ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை விரித்திருந்ததால், இது வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு வேலிப் பக்கமாகவே வளர்ந்து, அந்தப் பக்கம் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்துவிட்டது. தூங்குமூஞ்சியை வெட்டிய பிறகும் எட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. துரைசாணி சீமைக்குப் போய்விட்டார். அவர் எழுதுகிற கடிதத்தில் மரம் எப்படி இருக்கிறது என்பது முதல் வரி, புருஷன் எப்படி இருக்கிறார் என்பது கடைசி வரி. அதனால் பழைய துரை கேப்டனிடம் மன்றாடிப் பன்னிரண்டு நாள் தவணை வாங்கினார்.

“பன்னெண்டு நாளா?” என்றார் காளியண்ணன். “ஆறு நாள்ல நிமித்திடுவேன். மீதி ஆறு நாள்ல பூக்க வச்சிடுவேன்.”

மரத்துக்கு இந்தப் பக்கம், அதாவது பங்களாப் பக்கம், வேர் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு பெரிய குழி தோண்டினார். வேர் திரும்பப் படிய இடம் வேண்டுமே. மண் இளகட்டும் என்று மாட்டுக்கொட்டகைச் சாணியைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார். குழி இடுப்பளவு கூழாயிற்று. அதுவரைக்கும் எல்லாம் சரி. கட்டுவதற்கு எதை எடுப்பது என்கிற இடத்தில்தான் பால் வெட்டுகிறவனின் புத்தி வேலை செய்தது. முப்பது வருஷமாக ரப்பரோடு பிழைத்தவருக்கு உலகத்தில் ரப்பரால் ஆகாத காரியம் இல்லை. புகைக்கூடத்தில் கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டுகளை வாராக அறுத்து, மரத்தில் மாட்டி, இழுத்து முளையில் கட்டினார்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார். மரம் நூல் பிடித்தாற்போல் நிற்கும். சந்தோஷமாக மாட்டுக்கொட்டகை வேலைக்குப் போய்விடுவார். வெயில் ஏற ஏற ரப்பர் வார் நெகிழ்ந்து முழக் கணக்கில் நீண்டு, மரம் மத்தியானம் முழுக்க வேலி மேல் படுத்துக் கிடந்தது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் குளிர்ந்ததும் அது மெல்ல எழுந்து, மறுநாள் காலை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் கேப்டன் வந்தது மத்தியானம் ஒரு மணிக்கு.

மரம் வேலி மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் ரப்பர் வாரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரலால் இழுத்துவிட்டார். அது வயலின் மாதிரி சத்தம் போட்டது. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு நெளிந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்பாவுக்குச் சீமையில் பழத்தோட்டமாம். ஐந்து வயதிலிருந்து மரத்துக்குக் கயிறு கட்டினவராம். கொல்லச் சொன்னால் கொன்றிருப்பார். ஆனால் ஒரு மரத்தை இப்படித் தப்பாகக் கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அவரால் முடியவில்லை. அவர் தனியாக ஓட்டி வந்த பட்டாள லோரியிலிருந்து கயிறு வந்தது. மரப்பட்டையை அறுக்காமல் இருக்கச் சாக்குத் துண்டைச் சுற்றினார்கள். கயிறு மூன்று. இடது கயிற்றைக் கேப்டன் பிடித்தார். வலது கயிற்றைப் பழைய துரை பிடித்தார். காவல்காரர் துப்பாக்கியோடு வேலியைப் பார்த்து நின்றாக வேண்டும். காளியண்ணன் முளை அடித்தாக வேண்டும். நடுக்கயிற்றுக்கு, அதாவது சாணிக் குழிக்கு நேரே நிற்கிற கயிற்றுக்கு, ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்க ஒரு காகிதத்தோடு வந்து சேர்ந்தார் கிராணி ஆர்தர்.

ஆர்தரின் வெள்ளைக் கால்சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனைவி ஜெனவீவ் போடுகிற கஞ்சியில் அது ஆள் இல்லாமலே தனியாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவர். வெயிலில் ஓட மாட்டார், சத்தமாகத் தும்ம மாட்டார். அப்படிப்பட்டவரைக் கேப்டன் கையை ஆட்டிக் கூப்பிட்டு நடுக்கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று பேரும் இழுத்தார்கள். மரம் முனகிக்கொண்டே எழுந்தது. பாதி எழுந்தபோது ஆர்தரின் செருப்பு வழுக்கியது. அவர் நேராகக் குழிக்குள் இறங்கி, உட்கார்ந்தே விட்டார். இடுப்பு வரைக்கும் சாணி.

ஆனால் கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் மரம் திரும்ப வேலிப் பக்கம் அடித்து, வேர் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். அவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேதத்துச் சங்கீதம் ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தபடி இருந்தார். நடு முளை இரண்டு தடவை பிளந்தது. குழியை மூடினால்தான் மரம் நிற்கும். கிராணி எழுந்தால்தான் குழியை மூடலாம். கயிற்றைக் கட்டினால்தான் கிராணி எழலாம். ஒரு வழியாகக் கட்டி முடித்து அவரைத் தூக்கியபோது மரம் கோபுரம் மாதிரி நின்றது. கேப்டன் அவர் கையைக் குலுக்கினார். பிறகு தன் கையைக் கழுவினார்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைத்துக் காளியண்ணன்தான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“காளியண்ணா, இது வெளிய போகக் கூடாது. லயத்துல தெரிஞ்சா நான் நாளைக்கு யாரையும் அதட்ட முடியாது.”

“என் வாயிலேர்ந்து போவாதுங்க ஐயா. ஒங்க வேதத்து மேல சத்தியம்.”

“அத இழுக்காத. ஒன் பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினார். அன்று தோட்டத்தில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பங்களாச் சமையல்காரி கங்கா ரேஷன் லோரியில் கோலா சிலாங்கூருக்குப் போயிருந்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. காளியண்ணன் அன்று சாயங்காலமே கதையைத் தொடங்கிவிட்டார். ஆனால் கிராணியைக் கதையிலிருந்து எடுத்துவிட்டதால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்கக் கேப்டனுக்கு ஒரு மணி நேரம் கூட்டினார். பற்றவில்லை, இன்னும் ஒரு மணி. அப்புறம் கொப்புளம், அப்புறம் தேங்காய் எண்ணெய். லயத்தில் எல்லாரும் அதை நம்பினார்கள். நம்பாவிட்டால் அடுத்த தடவை சொல்ல மாட்டாரே. நம்பாதவர் ஒருவர்தான், அவர் ஆர்தர். யார் கேட்டாலும், அதெல்லாம் காளியண்ணன் விடுகிற கதை, நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார். தோட்டத்து நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ‘மழை இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போது கேப்டன் வேறு ஏதோ தேசத்தில் இருந்தார். பழைய துரை நடுக்கடலில் கப்பலில் இருந்தார். காவல்காரர் பேரா மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் காளியண்ணன் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். லயத்து வீட்டில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? நாலு எட்டு, திரும்பினால் சுவர். அவர் மனைவி தாயம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உக்காருங்க. ஒங்களப் பாத்து எனக்குத் தல சுத்துது.”

“உக்கார முடியல தாயி.”

“நான் ஒண்ணு கேக்கறேன். கயிறு மூணுன்னீங்க. கேப்டன் ஒண்ணு. தொரை ஒண்ணு. காவக்காரரு துப்பாக்கியோட நின்னாரு. நீங்க மொளை அடிச்சீங்க. மூணாவது கயித்த யாரு புடிச்சது?”

ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. காளியண்ணன் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினார்.

“அது... கேப்டனே ரெண்டையும் புடிச்சாரு.”

“கொப்புளம் வந்த கையாலயா?”

“சொல்ல மாட்டேன் தாயி. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

தாயம்மா கீரையைக் கீழே வைத்தாள். “நீங்களா? காத்தால கஞ்சி குடிச்சியான்னு கேட்டாக்கூடப் பொய் சொல்ற வாயி. அதுல வாக்கு எப்படிலா நொழஞ்சிச்சி?”

“ஒம் மேல பண்ண சத்தியம்.”

அவள் கீரையை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, “ஒன்பதாம் நம்பருக்கு நீங்க போனா, நான் நாலாம் நம்பர்ல நின்னு எத வெட்டறதுன்னே தெரியாம வெட்டிக்கிட்டிருப்பேன். யாருன்னு எனக்குச் சொல்ல வேணாம். அவருகிட்டயே போயி நில்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆர்தரின் வீட்டு வாசலில் போய் நின்றார். ஆர்தர் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார்.

“எதுக்கு வந்த?”

“தெரியாதுங்களா ஐயா?”

“எழுதித் தரேன். நல்லா வேல செய்யற ஆளு, காலு வலின்னு எழுதித் தரேன்.”

“காலுவலிக்காரன்னா தோட்டத்த விட்டே அனுப்பிடுவாங்க. நடந்துச்சுன்னு ஒரு வார்த்த. குழி வேணாம், சாணி வேணாம்.”

“நடந்துச்சுன்னா, நீ அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தன்னு தொரை கேப்பாரு. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நடக்கலன்னு நேத்துச் சொன்னீங்களே.”

“எனக்குத் தெரிஞ்சு நடக்கலன்னு சொன்னேன்.” ஆர்தர் குரல் ஏறிவிட்டது. “கண்ண மூடிக்கிட்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்? நாப்பது நிமிஷம் கண்ண மூடிக்கிட்டுச் சாணிக்குள்ள உக்காந்திருந்தவனுக்கு என்ன தெரியும்?”

கதவு திறந்தது. ஜெனவீவ் அகப்பையோடு நின்றாள்.

“சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்னு சொன்னீங்களே.”

ஆர்தர் வாயைத் திறந்து மூடினார். காளியண்ணன் அங்கிருந்து நொண்டி நொண்டி ஓடிவிட்டார். பின்னால் ஜெனவீவின் குரல் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பால் நிறுத்து முடிந்ததும் ஆபீஸ் வாசலில் சாட்சிக்கு ஒரு ஆள் கிடைக்குமா என்று பார்த்தால், முப்பது பேர் நின்றார்கள். தாயம்மா யாரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. லயமே திரண்டு வந்திருந்தது. தம்முடைய கதையைத் தம்மைவிடப் பெரிதாகச் சொல்லக்கூடியவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்பது காளியண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலில் முருகையா உள்ளே வந்தார். “நான் பாத்தேன் தொரை. கேப்டன் ஏழு பேரு.”

ஆர்தர் மாற்றிச் சொன்னார். துரை ஏழு விரலைக் காட்டிக் கேட்டார். முருகையா யோசித்து எட்டாக்கினார்.

“முருகையா, அன்னிக்கு நீ நாலாம் நம்பர் காட்டுல” என்றார் ஆர்தர்.

“அங்கேர்ந்து பாத்தேன் ஐயா. உசரமான கேப்டனுங்க.”

அடுத்தது வள்ளியம்மா. “கேப்டனோட சம்சாரமும் வந்துச்சி. அந்தம்மாதான் கயிறு இழுத்தவங்களுக்குத் தண்ணி மொண்டு குடுத்தது. என்கிட்டகூட, எப்படிலா இருக்கேன்னு கேட்டிச்சி.”

“நீ அன்னிக்குக் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில பிள்ள பெத்துக்கிட்டிருந்த.”

“பெத்துட்டு வந்து பாத்தேன்.”

ஒவ்வொருவரையும் ஆர்தர் ஒரே வரியில் கீழே இறக்கினார். இத்தனைக்கும் அவர் அன்று சரியாக நிற்கவே இல்லை. பேனாவை எடுப்பார், வைப்பார். காலரைத் தளர்த்துவார். துரை முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தாவது சாட்சிக்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. பைப்பை மேசையில் தட்டினார். வாசலில் சத்தம் அடங்கியது. காளியண்ணனைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

ஆர்தர் உடனே சொல்லவில்லை.

“என்னாங்க கேக்கறாரு?”

“கயிறு மூணுங்கற. கேப்டன் ஒண்ணு, தொரை ஒண்ணு. நீ மொளை அடிச்ச. மூணாவது கயித்தப் புடிச்சது யாருன்னு கேக்கறாரு. அந்த ஆளக் கொண்டாந்தா நம்பறேங்கறாரு.”

தாயம்மா வாசற்படியில் நின்று புருஷனைப் பார்த்தாள். காளியண்ணன் துரையைப் பார்த்தார், பிறகு கிராணியைப் பார்த்தார். கிராணியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். திங்கட்கிழமை காலை அந்தக் கால்வாய், அந்தப் புதர், அந்த மெதுவான குரல், எதுவும் வேண்டாம்.

“நாந்தான் தொரை” என்றார் காளியண்ணன். “மொளைய ரெண்டு கையாலயும் அடிச்சேன். கயித்தப் பல்லுல கடிச்சிக்கிட்டேன்.”

வாசலில் முப்பது பேரும் சிரித்தார்கள். ஆர்தர் அதை மாற்றிச் சொன்னார். ஒரு வார்த்தையும் விடாமல், பல்லைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். துரை சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆர்தரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அதில் ‘மண்டே’ இருந்தது. ‘நைன்’ இருந்தது.

ஆர்தர் அதைத் தமிழில் சொல்லவில்லை.

“ஐயா?” என்றார் காளியண்ணன்.

ஆர்தர் துரையின் வழியில் போய் நின்றார். வாழ்நாளில் ஒரு துரையின் வழியை அவர் மறித்தது அதுதான் முதல் தடவை. கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். குறுக்கே வெளுத்த தழும்பு ஒன்று ஓடியது. இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை ஏழெட்டு வார்த்தையோடு நிற்கவில்லை. நின்றபடியே முழங்காலை மடக்கி உட்கார்ந்து காட்டினார். இடுப்பில் கையை வைத்து அளவு காட்டினார். துரை தொப்பியைக் கழற்றினார். அவர் உதடு துடித்தது. தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, வாசலில் நிற்கிறவர்களைக் காட்டி ஏதோ சொன்னார்.

“என்னாங்க?” என்றது வாசல்.

ஆர்தர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறபோது நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“ஒங்களுக்கும் கேக்கும்படியாத் தமிழ்ல சொல்லச் சொல்றாரு. சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சி முடிச்சிடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. முருகையாகூட வாயை மூடிக்கொண்டார்.

“மூணாவது கயிறு நான்” என்றார் ஆர்தர். “சாணிக் குழியில உக்காந்துக்கிட்டுப் புடிச்சேன். கேப்டன் வந்தது உண்ம. இழுத்தது உண்ம. ரெண்டு மழ வரைக்கும் காளியண்ணன் மரத்தோட இருக்கணும்னு சொன்னது என் காதால கேட்டது.” கொஞ்சம் நிறுத்தினார். ஆனாலும் அவர் கிராணி. ஒரு தப்பை அப்படியே விட்டுவிட அவரால் முடியவில்லை. “மூணு மணி நேரமில்ல, நாப்பது நிமிஷம். மத்தபடி நடந்தது. எல்லாம் நடந்தது.”